காத்திருந்தால் மேலே ஏறும் பெல்லட்: 25 மீட்டர் ஏர் ரைஃபிள் பெஞ்ச்ரெஸ்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

ரைஃபிளுக்குப் புதிய பேரல் (குழல்) மாற்றலாமா என்ற கேள்வியில் தொடங்கியது இந்த ஆய்வு. கேட்டவர் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பல ஆண்டுகள் நின்று சுட்டுப் பழகிவிட்டு, ரைஃபிளை மேசைமேல் தாங்கியில் வைத்து உட்கார்ந்து சுடும் பெஞ்ச்ரெஸ்டுக்கு வந்தவர். டிரிகரில் விரல் சுத்தம். பயிற்சியில் ஒரே புள்ளியைப் பார்த்து ஐந்து பெல்லட்டுகளை (சிறு ஈயக் குண்டுகளை) அடுத்தடுத்துச் சுட்டால் ஐந்தும் ஒரே கிழிசலாகச் சேரும். அதே ரைஃபிள், அதே பெல்லட், அதே 25 மீட்டர்தான். ஆனால் போட்டி அட்டையை வைத்தால் 250-க்கு 240-ஐ ஒட்டியே நின்றுவிடும். குரூப் (ஒரே குறியில் சுட்ட துளைகளின் நெருக்கம்) வருகிறது, மதிப்பெண் வரவில்லை என்பது இந்த விளையாட்டில் அடிக்கடி காதில் விழும் புலம்பல்தான். இவருடைய கதையில் கூடுதலாக ஒரு விநோதம் இருந்தது. காற்று சரியாகும் வரை காத்திருந்து சுடு என்று எல்லோரும் சொல்லும் அறிவுரையை இவர் ஒழுங்காகக் கடைப்பிடித்த நாட்களில் மதிப்பெண் இன்னும் இறங்கியது.

பேரல் கெட்டிருந்தால் அவசரமாகச் சுட்டாலும் கெட்டுத்தான் சுடும். காத்திருந்தால் மட்டும் கெடுகிற பேரல் கிடையாது. ஆகவே பேரலை அப்படியே விட்டுவிட்டு, காத்திருக்கும்போது எது மாறுகிறது என்று தேடுவதுதான் முறை.

களமும் கருவியும்

பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஏர் ரைஃபிள் பெஞ்ச்ரெஸ்டில் ஓர் அட்டையில் 25 சிறு இலக்குகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெல்லட். ஒவ்வொன்றுக்கும் உச்சம் 10, மொத்தம் 250. நட்டநடுப் புள்ளியைத் தொட்டால் எக்ஸ் என்று தனியாக எண்ணுவார்கள். மதிப்பெண் சமமானால் எக்ஸ் எண்ணிக்கைதான் முடிவு செய்யும். பக்கத்திலேயே சைட்டர் எனப்படும் சோதனை இலக்குகள் இருக்கும். அவற்றில் சுடுவது மதிப்பெண்ணில் சேராது, பொதுவாக எண்ணிக்கை வரம்பும் இல்லை. உலக ரிம்ஃபயர் மற்றும் ஏர் ரைஃபிள் பெஞ்ச்ரெஸ்ட் கூட்டமைப்பின் போட்டிகளில் இலகுப் பிரிவுக்கு 12 அடி-பவுண்டு, கனப் பிரிவுக்கு 20 அடி-பவுண்டு என்று ஆற்றல் வரம்பு உண்டு. ஜூலில் சொன்னால் ஏறக்குறைய 16.3, 27.

இவருடையது இலகுப் பிரிவு. 4.5 மி.மீ. குழல், ரெகுலேட்டர் (அழுத்தச் சீராக்கி) பொருத்திய பிசிபி, அதாவது சிலிண்டரில் முன்பே அழுத்தி நிரப்பிய காற்றால் சுடும் ரைஃபிள். 0.547 கிராம் எடையுள்ள, இடுப்பு ஒடுங்கிப் பின்புறம் பாவாடை போல விரிந்த டயபோலோ பெல்லட். வாய்முனை வேகம் நொடிக்கு 240 மீட்டரைச் சுற்றி. கணக்குப் போட்டால் 15.75 ஜூல் வருகிறது, வரம்புக்குள் கொஞ்சம் இடம் விட்டு. முன்னால் உயரத்தையும் பக்கவாட்டையும் திருகி மாற்றக்கூடிய தாங்கி. பின்னால் இரண்டு காதுகள் உள்ள மணல் பை.

இந்த வேகத்தில் பெல்லட் 25 மீட்டரைக் கடக்க 0.113 நொடி ஆகிறது. அதற்குள் குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய 6 செ.மீ. கீழே விழுந்துவிடும். கீழே வரும் கணக்குகளுக்கெல்லாம் இந்த இரண்டு எண்கள்தான் அடிப்படை.

அட்டையைக் கேள்வி கேட்டோம்

சுட்டு முடித்த அட்டை முழு உண்மையையும் சொல்லாது. ஒவ்வொரு துளையும் எங்கே விழுந்தது என்று காட்டும். எந்த நேரத்தில், எவ்வளவு காத்திருப்புக்குப் பிறகு, எந்தக் காற்றில் என்று காட்டாது. அதனால் பக்கத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். சுட்டவர் எதையும் எழுதவில்லை. எழுதினால் தாளம் கெடும். உட்கார்ந்தவர் ஒவ்வொரு சுடலுக்கும் நான்கே விஷயங்களைக் குறித்தார்: எத்தனையாவது சுடல், முந்தையதிலிருந்து எவ்வளவு நேரம், காற்றைக் காட்டும் கொடிகள் எந்தப் பக்கம் பறந்தன, சுட்ட மறுகணம் ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) குறுக்குக்கோடு எங்கே இருந்தது என்று சுட்டவர் சொன்ன சொல்.

பிறகு 25 துளைகளையும் ஒரே மையத்தின் மேல் அடுக்கி ஒரு தாளில் வரைந்தோம். இது சலிப்பான வேலை. செய்து பார்க்காதவர்கள்தான் அதிகம், அதனால்தான் பேரல் விற்பவர்களுக்கு வாழ்வு. அடுக்கிப் பார்த்தபோது கிடைத்தது ஒரு சாய்ந்த முட்டை வடிவம். பக்கவாட்டில் நீளம், அது காற்று, எதிர்பார்த்ததுதான். ஆனால் மேல்-கீழ்ப் பரவலும் ஐந்து சுடல் குரூப்பில் கண்டதைவிட மிக அதிகம். காற்று பக்கவாட்டில் தள்ளும். மேலும் கீழும் இவ்வளவு சிதறடிக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. குறைந்த எண்ணிக்கையில் சுட்ட குரூப் எப்போதும் முகஸ்துதி செய்யும். முற்றிலும் ஒழுங்கான ரைஃபிளிலும், ஐந்து சுடலில் மிக விலகிய இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரம், ஒரு திசையின் திட்டவிலக்கத்தை (வழக்கமான சிதறலின் அளவை) போல சராசரியாக மூன்று மடங்கு வரும்; பத்துச் சுடலில் அது 3.8 மடங்கு. 25 சுடலுக்குப் போனால், ஐந்து சுடல் குரூப்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாகும். ஆக அட்டை, குரூப்பைவிடப் பரந்திருப்பதில் ஒரு பகுதி வெறும் எண்ணிக்கையின் விளையாட்டு. இவருடைய மேல்-கீழ்ப் பரவல் அதையும் தாண்டியிருந்தது.

நோட்டுப் புத்தகத்தைத் தாளோடு வைத்துப் பார்த்தபோதுதான் வெளிச்சம் வந்தது. மையத்துக்கு மேலே ஏறிய துளைகளில் பெரும்பாலானவை நீண்ட காத்திருப்புக்குப் பிறகு சுட்டவை.

ரெகுலேட்டர் தூங்கவில்லை

பெல்லட்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃபை வைத்தோம். சீரான தாளத்தில் சுட்டால் வேகம் அழகாக ஒரே இடத்தில் நின்றது. இந்தச் சோதனையை அவர் ஏற்கெனவே செய்திருந்தார், அதனால்தான் ரைஃபிள்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பிறகு, போட்டியில் காற்றுக்காக நிற்பது போல, லோடு செய்து சில நிமிடங்கள் சும்மா இருந்துவிட்டுச் சுடச் சொன்னோம். முதல் சுடல் நொடிக்கு ஐந்தாறு மீட்டர் கூடுதலாக வந்தது. அடுத்தது பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. மறுபடி காத்திருந்தால் மறுபடி ஏறியது.

ரெகுலேட்டரின் வேலை, சிலிண்டரில் 200 பார் போன்ற உயர் அழுத்தத்தில் இருக்கும் காற்றை, அதைவிடத் தாழ்ந்த ஒரே அழுத்தத்தில் வால்வுக்கு முன்னுள்ள அறையில் நிறுத்தி வைப்பது. அறையில் அழுத்தம் குறித்த அளவை எட்டியதும் உள்ளிருக்கும் பிஸ்டன் தன் இருக்கையில் அழுந்தி வழியை அடைத்துவிட வேண்டும். இருக்கை தேய்ந்திருந்தாலோ, அதில் ஒரு துரும்பு ஒட்டியிருந்தாலோ முழுதாக அடையாது. காற்று மிக மெதுவாகக் கசிந்து அறைக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். வெளியே எதுவும் கசியாததால் சத்தம் வராது, சிலிண்டரின் மானியும் இறங்காது. தாளமாகச் சுடும்போது அழுத்தம் ஏறுவதற்குள் அடுத்த சுடல் அதைக் கரைத்துவிடும். காத்திருந்தால் மட்டுமே குறை தலைகாட்டும்.

இதன் விலை என்ன? பெல்லட் 25 மீட்டரில் 6 செ.மீ. விழுகிறது, பறக்கும் நேரம் குறைந்தால் விழுவதும் குறையும். இந்த வேகத்தில் நொடிக்கு 1 மீட்டர் மாறினால் துளை ஏறக்குறைய 0.5 மி.மீ. நகரும். ஐந்தாறு மீட்டர் என்றால் சுமார் 3 மி.மீ. மேலே. பத்து வளையத்தின் ஓரத்தில் விழ வேண்டியது ஒன்பதாக, சில வேளை எட்டாக மாற அது தாராளமாகப் போதும்.

பழுது பார்த்தது பயிற்சி பெற்ற ஒரு டெக்னீஷியன். இருக்கையும் ஓ-ரிங்குகளும் மாற்றப்பட்டன. உயர் அழுத்தக் காற்று விளையாட்டுப் பொருள் அல்ல. முழுதாக அழுத்தம் இறக்காமல் யாரும் இதைத் திறக்கக் கூடாது.

அதோடு, வால்வை அடித்துத் திறக்கும் ஹாமரின் ஸ்பிரிங் இறுக்கத்தையும் சரிசெய்தோம். இது பலர் கவனிக்காத இடம், எனக்குப் பிடித்த இடமும்கூட. ஹாமரின் அடி ஒரே அளவில் இருக்கும்போது, அறையின் அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டினால் வேகம் முதலில் ஏறும். ஒரு கட்டத்தில் ஏறுவது நிற்கும். அதற்கு மேல் அழுத்தமே வால்வைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்வதால் வேகம் இறங்கத் தொடங்கும். மலைச்சரிவில் நின்றால் ஒரு அடி நகர்ந்தாலும் உயரம் மாறும், உச்சி மேட்டில் நின்றால் மாறாது. அழுத்தம், ஹாமர் இரண்டையும் அந்த மேட்டில் பொருந்துமாறு அமைத்தால், ரெகுலேட்டர் ஓரிரு பார் தடுமாறினாலும் வேகம் அசையாது. இவருடைய ரைஃபிள் சரிவில் நின்றுகொண்டிருந்தது. யாரோ ஆற்றல் வரம்பை எட்டுவதற்காக ஸ்பிரிங்கை இறுக்கியிருந்தார்கள். அளவுக்கு மீறிய ஹாமர் அடி காற்றையும் வீணாக்கும், ரைஃபிளையும் குலுக்கும்.

எஞ்சிய சிறு தயக்கத்துக்கு ஒரு பழக்கமே மருந்து: நீண்ட நேரம் காத்திருந்தால் முதல் பெல்லட்டை மதிப்பெண் இலக்குக்குக் கொடுக்காமல் சைட்டருக்குக் கொடுப்பது. ரெகுலேட்டர் பழுதே இல்லாத ரைஃபிளிலும் ஹாமரும் வால்வும் ஓய்வுக்குப் பிறகு கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சைட்டர் காற்றைப் பற்றியும் ஒரு சேதி சொல்லும் என்பது கூடுதல் லாபம்.

பையைப் பிழியும் கை

மேல்-கீழ்ப் பரவல் குறைந்தது; மறையவில்லை. கீழ் வரிசை இலக்குகளில் துளைகள் மேல்-கீழில் ஒரே திசைக்குச் சாய்ந்தன. மேல் வரிசையில் அப்படி இல்லை. வரிசைக்கு வரிசை மாறுவது ரைஃபிளுக்குள் இருக்க முடியாது. ரைஃபிளைத் தாங்குவதில்தான் இருக்கும்.

அட்டையின் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு 15 செ.மீ. இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முன் தாங்கிக்கும் பின் பைக்கும் இடையில் அரை மீட்டர் இருந்தால், தாங்குமிடத்தில் அதற்கு 3 மி.மீ. மாற்றம் போதும். இவர் அந்த 3 மி.மீட்டரை முன் தாங்கியின் உயரத் திருகில் செய்யவில்லை. இடது கையால் பின் பையைப் பிழிந்து செய்தார். நின்று சுட்ட காலத்திலிருந்து வந்த குணம். ரைஃபிளை உடம்பால் பிடித்து வைப்பது அவருக்கு இயல்பு. பிழியப்பட்ட பை சும்மா இருக்காது. மணல் மெல்ல இறங்கும், கைத்தசை சோர்வடையும், குறுக்குக்கோடு தேனில் ஊர்வது போல நகரும். டிரிகர் விடுபடும் கணத்தில் பை ஒரு இம்மியாவது தளர்ந்திருக்கும்.

அந்த இம்மி எவ்வளவு? 25 மீட்டரில் 1 மி.மீ. என்பது, அரை மீட்டர் இடைவெளியுள்ள தாங்கிகளில் 0.02 மி.மீ. மட்டுமே. தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. இந்த எண்ணைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் இடது கையைப் பையிலிருந்து எடுத்தார்.

பைக்குள் மணலைக் கெட்டியாக நிரப்பினோம், கையால் பிழிய முடியாத அளவுக்கு. உயரத்தைத் திருகால் மட்டும் மாற்றுவது என்று விதி வைத்துக்கொண்டார். கன்னத்தை ரைஃபிளின் கட்டையில் (ஸ்டாக்) அழுத்துவதும் நின்றது. 10 மீட்டரில் கன்னத்தின் அழுத்தம் நிலைத்தன்மை தரும். பெஞ்ச்சில் அது ஒவ்வொரு சுடலுக்கும் வேறு எடையை வைப்பதற்குச் சமம். தலையை எட்டிக் குனிய வேண்டிய கீழ் வரிசையில் அந்த எடை கூடியிருக்க வேண்டும்.

பின்வாங்கும் விசை இந்த வகை ரைஃபிளில் மிகக் குறைவுதான். பெல்லட் குழலைக் கடக்கும் வரை ரைஃபிள் பின்னால் நகர்வது, 4.5 கிலோ எடைக்கும் 45 செ.மீ. குழலுக்கும் கணக்கிட்டால் 0.05 மி.மீ. அளவு. ஆனால் மேலே சொன்ன 0.02-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த நகர்வு நேராகப் பின்னால் போனால் தீங்கில்லை. பை ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் வழுக்கினால் திசை மாறும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. பெல்லட் போடாமல், ஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே ரைஃபிளைத் தாங்கியின் மேல் ஓரிரு சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ள வேண்டும். குறுக்குக்கோடு செங்குத்தாக ஒரே தடத்தில் இறங்கி ஏறினால் சரி. வளைந்து போனால் பையும் தாங்கியும் ஒரே நேர்கோட்டில் இல்லை. இவருடையது வளைந்தது. பையைக் கால் திருப்பத்துக்கும் குறைவாகத் திருப்பியதும் நேரானது.

இடப்பக்கச் சாய்வு, வலப்பக்கச் சாய்வு பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ரைஃபிள் 1 பாகை சாய்ந்தால் 25 மீட்டரில் ஏறக்குறைய 1 மி.மீ. பக்கவாட்டில் விலகும். தட்டையான அடிப்பகுதியுள்ள ஸ்டாக்கும், சமமாக நிறுத்திய தாங்கியும் இருந்தால் இது தானாகவே அடங்கும். ஸ்கோப்பில் ஒரு நீர்மட்டக் குமிழ் வைத்தார், போதும்.

காற்று

இப்போதுதான் காற்றைப் பற்றிப் பேச நமக்கு உரிமை வருகிறது. ரைஃபிள் தானாகச் சிதறிக்கொண்டிருக்கும்போது காற்றைக் கற்க முடியாது; எந்தத் துளை காற்றால் விலகியது, எது ரெகுலேட்டரால் விலகியது என்று பிரிக்க வழியில்லை.

பக்கக் காற்று பெல்லட்டை எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஒரு பழைய, நம்பகமான கணக்கு உண்டு. காற்றுத்தடையே இல்லாத வெளியில் பெல்லட் 25 மீட்டரைக் கடக்க 0.104 நொடி ஆகும், உண்மையில் 0.113 நொடி ஆகிறது. இந்தத் தாமதம் 0.009 நொடி. தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் வந்துவிடும். நொடிக்கு 1 மீட்டர் பக்கக் காற்று என்றால் 9 மி.மீ. நொடிக்கு 1 மீட்டர் என்பது முகத்தில் உறைக்காத காற்று. மெல்லிய நாடா லேசாக எழும், அவ்வளவுதான். அதில் பெல்லட் தன் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளிப் போகிறது. இதுவரை நாம் சரிசெய்த ஒவ்வொன்றையும்விட இது பெரிது.

இவர் கொடிகளை வைத்திருந்தார், ஆனால் பார்த்தது இலக்குக்குப் பக்கத்தில் இருந்ததை மட்டும். ஸ்கோப்பின் வட்டத்துக்குள் அதுதான் தெரியும் என்பதால். உண்மையில் முக்கியம் பெஞ்ச்சுக்குப் பக்கத்தில் வீசும் காற்று. தொடக்கத்தில் கிடைத்த பக்கவாட்டு வேகத்தைப் பெல்லட் வழிமுழுதும் சுமந்து செல்லும். கடைசியில் கிடைத்த தள்ளுக்கு வேலை செய்ய நேரமே இல்லை. பாதை முழுக்க ஒரே காற்று வீசினால், மொத்த விலகலில் முதல் பாதியின் பங்கு ஏறக்குறைய முக்கால். அதனால் ஒரு கொடியை மேசையிலிருந்து சில மீட்டர் தள்ளி, ஸ்கோப்பில் இல்லாத இன்னொரு கண்ணால் பார்க்கும்படி வைத்தோம். இரண்டு கண்களையும் திறந்து சுடப் பழகுவதுதான் இதில் கடினம். நின்று சுட்டவருக்கு அது ஏற்கெனவே கைவந்தது.

அடுத்தது திசை. நேர்ப் பக்கவாட்டில் வீசும் காற்று பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது நல்ல காற்று. அதன் திசை பத்துப் பாகை முன்னே பின்னே ஆடினாலும் தள்ளும் அளவு கிட்டத்தட்ட மாறாது. எதிரே இருந்தோ முதுகுக்குப் பின்னாலோ வரும் காற்றுதான் கழுத்தறுப்பது. கடிகாரத்தின் 12 மணித் திசையிலிருந்து வரும் காற்று 11-க்கும் 1-க்கும் இடையே ஆடினால், கொடியில் சிறு அசைவுதான் தெரியும். 30 பாகைச் சாய்வில் பக்கவாட்டுக் கூறு முழு வேகத்தில் பாதி. நொடிக்கு 1 மீட்டர் காற்றிலேயே ஒரு பக்கம் 4.5 மி.மீ., மறுபக்கம் 4.5 மி.மீ., ஆக 9 மி.மீ. ஊசலாட்டம். சாந்தமான காற்று என்று நினைத்து அவர் வேகமாகச் சுட்டுத் தள்ளிய அட்டைகள் இந்த வகைக் காற்றில் சுட்டவை. நோட்டுப் புத்தகம் அதைச் சொன்னது. அவருடைய நினைவு வேறு மாதிரி சொன்னது.

வெடிமருந்துத் தோட்டா சுடும் சிறு ரைஃபிளான ரிம்ஃபயரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கக் காற்று துளையைப் பக்கவாட்டோடு சற்று மேலோ கீழோவும் நகர்த்தும் என்பதை அவர்கள் அறிவார்கள். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் என்பதும் மனப்பாடம். அதை அப்படியே பெல்லட்டுக்குப் பொருத்த வேண்டாம். புல்லட்டில் காற்றழுத்த மையம் (காற்றின் தள்ளு சேரும் இடம்) எடை மையத்துக்கு முன்னால். இடுப்பு ஒடுங்கிய, பாவாடை விரிந்த பெல்லட்டில் அது பின்னால். தன் அட்டையில் பார்த்துக் கற்பதே வழி.

உத்தி என்று இவருக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: ஒரு காற்றைத் தேர்ந்தெடு. போட்டியின் தொடக்கத்தில் சைட்டரில் சுட்டு, அடிக்கடி திரும்பி வருகிற, கொடிகளில் தெளிவாகத் தெரிகிற ஒரு நிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நிலையில் பெல்லட் எங்கே விழுகிறது என்று பார்த்து, அதற்கேற்பக் குறி வைக்க வேண்டும். அந்த நிலை வரும்போது நான்கைந்து இலக்குகளைச் சட்டென்று முடிப்பது, போய்விட்டால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது. மாறும் ஒவ்வொரு காற்றுக்கும் குறியை மாற்றித் துரத்துவது திறமைசாலிகளுக்கு மட்டும். அவர்களும் வேறு வழியில்லாதபோதுதான் செய்கிறார்கள்.

அவர் இதைக் கேட்டு, முன்பே முயன்றதுதானே, பலிக்கவில்லையே என்றார். நியாயமான பேச்சு. முன்பு அவர் காத்திருந்தபோதெல்லாம் ரெகுலேட்டர் அவரை மேலே தூக்கிவிட்டது; பையும் பிழியப்பட்டபடி தளர்ந்துகொண்டே இருந்தது. காத்திருப்பது கெடுதல் என்று அவருடைய அட்டைகளே அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தன. அந்தப் பாடத்தை நம்பி, கிடைத்த காற்றிலெல்லாம் சுட்டு, போட்டி நேரத்தில் பாதியை மிச்சம் வைத்து எழுந்து வந்தார். பிறகு காற்றால் போன புள்ளிகளைப் பேரலின் கணக்கில் எழுதினார். ஒரு குறை இன்னொரு குறையை இப்படிக் காவல் காத்தது. காற்றுப் பயிற்சியிலிருந்து தொடங்கியிருந்தால் இன்னொரு வருடமும் அதே இடத்தில் நின்றிருப்பார். நல்ல அறிவுரை பலிக்காதபோது, சுடுபவரின் பொறுமையைக் குறை சொல்வதற்கு முன், அறிவுரைக்கும் துளைக்கும் நடுவில் எது நிற்கிறது என்று பார்க்கிற பயிற்சியாளர்கள் குறைவு.

பெல்லட்டை எடை போட்டது

அவர் டப்பா டப்பாவாகப் பெல்லட்டுகளைத் தராசில் வைத்துப் பிரித்திருந்தார். அந்த உழைப்பைப் பார்த்து மலைத்தேன். பலன்? 0.0065 கிராம் வித்தியாசம் எடையில் 1.2 சதவீதம், வேகத்தில் அதிகம் போனால் 0.6 சதவீதம், துளையில் அதிகம் போனால் 0.7 மி.மீ. வீண் என்று சொல்லமாட்டேன், எக்ஸ் எண்ணிக்கைக்குப் போராடுபவருக்கு அது கணக்கில் வரும். 240-இல் நிற்பவருக்கு வராது. பாவாடை நசுங்கியவற்றைக் கண்ணால் பார்த்து ஒதுக்குவதும், ஒரே மாதிரிப் பெல்லட்டின் வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளைத் தன் குழலில் சோதித்து, பிடித்ததை மொத்தமாக வாங்கி வைப்பதும் அதைவிடப் பயன் தரும். தொகுதிச் சோதனையை ஐந்து சுடலோடு நிறுத்தக் கூடாது. காரணம் மேலே சொன்ன முகஸ்துதி.

ஸ்கோப்பின் பாரலாக்ஸையும் ஒரு தடவை பார்த்தோம். ரைஃபிளைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்தால் குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகரக் கூடாது. நகர்ந்தது. திருகியின் மேல் அச்சிட்ட தூர எண்ணை நம்பி வைத்திருந்தார். நகராத இடம் அந்த எண்ணிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தது. அங்கே ஒரு கோடு போட்டுக்கொண்டார். கன்னத்தை எடுத்துவிட்ட பிறகு கண் ஒரே இடத்தில் நிற்பது உறுதியில்லை என்பதால் இது முன்பைவிட முக்கியமாகிவிட்டது.

பேரலுக்குச் செய்தது, சுத்தம் செய்து, ஈயப் படிவு மீண்டும் சமநிலைக்கு வரும் வரை சுட்டது மட்டும்.

பிறகு நடந்தது

மதிப்பெண் உடனே ஏறிவிடவில்லை. முதலில் மாறியது அடுக்கி வரைந்த தாளின் உருவம். முட்டை தட்டையானது, மேல்-கீழ்ப் பரவல் ஐந்து சுடல் குரூப்போடு பொருந்தும் அளவுக்கு ஒடுங்கியது. பக்கவாட்டு நீளம் அப்படியே இருந்தது. அது சரியான அறிகுறி: இனி எஞ்சியிருப்பது பெரும்பாலும் காற்று.

காற்றைத் தேர்ந்து காத்திருக்கப் பழக அதிகக் காலம் எடுத்தது. முதல் சில அட்டைகளில் அதிகமாகக் காத்திருந்து, கடைசி வரிசைக்கு நேரம் போதாமல், வந்த காற்றில் அவசரமாக முடித்தார். பிறகு ஒரு தாளம் அமைந்தது. இப்போது 240-களின் மேல் பாதியில் சுடுகிறார். குறையும் புள்ளிகள் இடமோ வலமோ போனவை, எந்தக் கொடியைப் பார்க்கத் தவறினோம் என்று அவராலேயே சொல்ல முடிகிறவை. பேரல் பழையதுதான்.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அட்டையின் வலது ஓர நிரலில் துளைகள் மற்ற நிரல்களைவிடக் கொஞ்சம் வலப்பக்கம் கூடுகின்றன, காற்று எப்பக்கம் வீசினாலும். இரண்டு சந்தேகங்கள். முன் தாங்கியைப் பக்கவாட்டில் திருகும்போது ரைஃபிளின் பின்முனை பையின் காதுகளுக்குள் முறுகி, சுடும்போது விடுபடுவது ஒன்று. அந்த நிரலை அவர் எப்போதும் கடைசியில் சுடுவதால் உடல் சோர்வும் அவசரமும் சேர்வது இன்னொன்று. இரண்டையும் பிரிக்க, அடுத்த அட்டைகளை வலமிருந்து இடமாகச் சுடப் போகிறார். விலகல் வலது நிரலிலேயே தங்கினால் பையை ஒவ்வொரு நிரலுக்கும் திருப்பி நேராக்க வேண்டும்; இடது நிரலுக்கு இடம் மாறினால் நேரத்தைப் பங்கிடும் முறையை மாற்ற வேண்டும்.